குளக்கரைப் பெட்டியைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்துக் கரையில், மடைக்கு மேலே ஒரு கம்பத்தில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே போர்டு என்று நாங்கள் சொல்லும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று, தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார், ஒரே ஒரு லித்தியம் செல். குளம் நிறைந்து மறுகால் பாயப் போகிறது என்றால் கீழே வயல் வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. கரையில் கரண்ட் லைன் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு இருக்கிறது, ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடைக்காது. குளம் நிறைவதோ அந்த மாதங்களில்தான். அதனால் சாதாரண நாளில் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே போர்டு விழித்திருக்கும்படி செய்திருக்கிறேன். மீதி நேரம் முழுக்கத் தூக்கம்.

இதைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், பணகுடியில் காற்றாலை வேலை பார்ப்பவர்கள், தோட்டத்து மோட்டாருக்கு ஏதாவது செய்ய நினைக்கிற விவசாயிகள் என்று பலர் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

தூக்கம் என்றால் போர்டை அணைத்து வைப்பதுதானே?

இல்லை. ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் திண்ணையில் தாத்தா ஒருவர் அரைத் தூக்கத்தில் கிடப்பார். வாசலில் யாராவது வந்தால் அவர்தான் முதலில் எழுவார், பிறகு உள்ளே இருப்பவர்களை எழுப்புவார். போர்டின் தூக்கமும் அப்படித்தான். பிராசசர், ரேடியோ, யுஎஸ்பி எல்லாம் ஓய்ந்துவிடும். ஆனால் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் தொடர்ந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். நேரம் காட்டும் கடிகாரமான ஆர்டிசியும், எழுப்பும் சிக்னலைக் கவனிக்கிற சில பின்களும் (கம்பி இணைக்கும் முனைகள்) அந்தப் பகுதியில் இருக்கும்.

அணைத்துவிட்டால் அந்தத் தாத்தாவும் இல்லை. யாராவது கரைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் போர்டு எழும். ஆகவே தூங்க வைப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, இதை யார் எழுப்பலாம் என்பதைத்தான். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் தூங்க வைக்கும் கட்டளையை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அப்புறம் எழவில்லை என்று திரும்ப வருகிறார்கள்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் போர்டில் எத்தனை விதமான தூக்கம் உண்டு?

முதலில், தூக்கம் என்றே சொல்ல முடியாத ஒன்று உண்டு. வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் தன் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில நொடித்துளிகள் நின்றும் கொள்ளும். இதை லினக்ஸ் தானாகவே செய்கிறது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் இதனால் மிச்சமாகும் மின்சாரம் கரைப் பெட்டிக்குப் போதாது.

உண்மையான தூக்கம் நாலு வகை. சிஸ் அடைவுக்குள் பவர் என்ற அடைவில் ஸ்டேட் என்று ஒரு கோப்பு இருக்கும். அதைப் படித்தால் உங்கள் போர்டுக்கு எவையெல்லாம் தெரியும் என்று காட்டும். ஃப்ரீஸ் என்றால் புரோகிராம்கள் உறைந்து, சாதனங்கள் ஓய்ந்து, பிராசசர் வெறுமனே காத்திருக்கும். எழுவதற்கு நேரமே ஆகாது, மிச்சமும் குறைவு. ஸ்டாண்ட்பை அதைவிடக் கொஞ்சம் ஆழம். மெம் என்பதைத்தான் பெரும்பாலும் தேடுவோம். ரேம் மட்டும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு நினைவை வைத்திருக்கும், மற்றவை அணைந்துவிடும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் என்பது நினைவை எல்லாம் சேமிப்புக்கு எழுதிவிட்டு முழுக்க அணைவது. எஸ்டி கார்டில் ஓடும் சின்ன போர்டுகளுக்கு இது ஒத்துவராது.

ஒன்றைக் கவனியுங்கள். மெம் என்று எழுதினாலே ஆழ்ந்த தூக்கம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதே இடத்தில் மெம்ஸ்லீப் என்று இன்னொரு கோப்பு இருக்கும். அதில் டீப் என்ற சொல் இருக்கிறதா, அதைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டுஐடில் என்பது மட்டும் இருந்தால், நீங்கள் மெம் என்று எழுதினாலும் கிடைப்பது ஃப்ரீஸ்தான். பல போர்டுகளில் டீப் இருக்காது. அது போர்டு தயாரித்தவர்கள் எழுதித் தர வேண்டிய மென்பொருளைப் பொறுத்தது. வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ராஸ்பெர்ரி பை தூங்குமா?

லினக்ஸ் ஓடும் பிரபலமான சின்ன போர்டு அது. ஆனால் மெம் வகைத் தூக்கம் அதில் கிடையாது. பை 4 போர்டு சும்மா இருந்தாலே சுமார் 3 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 72 வாட் மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் மொத்தமே 84 வாட் மணிதான், அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். கணக்குப் போட்டால் ஒரு நாள்கூட ஓடாது.

2023-இல் வந்த பை 5 இந்த விஷயத்தில் மேல். அதில் ஆர்டிசி போர்டிலேயே இருக்கிறது. போர்டு எழும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் அமைப்பில், நிறுத்தியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தேர்வை 1 என்றும், ஜிபிஐஓ என்ற பொதுப் பயன் பின்கள் மூலம் எழுப்பும் தேர்வை 0 என்றும் மாற்றினால், நிறுத்திய நிலையில் 3 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். ஆர்டிசியில் அலாரம் வைத்துவிட்டு நிறுத்தினால், சொன்ன நேரத்துக்குத் தானே எழும். அந்தத் தேர்வை மாற்றாமல் விட்டால், அணைத்து வைத்த நிலையிலேயே ஒரு வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் இது தூக்கம் அல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாக பூட் ஆக வேண்டும். ஒரு நாளில் நாலைந்து தடவை படம் பிடித்து அனுப்பும் வேலைக்குச் சரி. கால் மணிக்கு ஒரு தடவை மட்டம் பார்க்கும் வேலைக்கு இது வேண்டாம்.

பீகிள்போன் பிளாக் பழசு, அதை எடுக்கலாமா?

தாராளமாக. 2013-இல் வந்த போர்டு என்றாலும், தூக்கம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. அதில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்புக்குள் பெரிய பிராசசரோடு கார்டெக்ஸ் எம்3 என்ற சின்ன பிராசசர் ஒன்றும் இருக்கிறது. பெரியதைத் தூங்க வைத்து எழுப்புவதுதான் அதன் முழுநேர வேலை. மேலே சொன்ன திண்ணைத் தாத்தா அதுதான்.

இதில் பலரும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். ஜிபிஐஓ பின்கள் நாலு வரிசையாக இருக்கும். 0 என்ற முதல் வரிசை மட்டும்தான் எப்போதும் விழித்திருக்கும் பகுதியில் இருக்கிறது. மற்ற வரிசைப் பின்னில் பொத்தானை இணைத்துவிட்டு எத்தனை அழுத்தினாலும் ஆழ்ந்த தூக்கத்தில் அதற்குக் கேட்காது. எந்த போர்டானாலும் சரி, எழுப்பும் கம்பியை எந்தப் பின்னில் இணைப்பது என்பதைச் சிப்பின் விவரத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மின்சுற்றுப் பலகையை (பிசிபி) அடித்து முடித்த பிறகு பார்த்தால் காசு வீண்.

கரைப் பெட்டியில் எந்த போர்டு வைத்திருக்கிறீர்கள் அண்ணாச்சி?

இஎஸ்பி-32, வைஃபை உள்ள ஒரு சின்ன சிப். மட்டம் பார்த்து ஒரு எண்ணை அனுப்புவதற்கு லினக்ஸ் தேவையே இல்லை. வைஃபை அனுப்பும் உச்சத்தில் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். லைட் ஸ்லீப் என்ற மெல்லிய தூக்கத்தில் 0.8 மில்லி ஆம்பியர். டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் அளவு. உச்சத்துக்கும் ஆழ்ந்த தூக்கத்துக்கும் இடையே இருபதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆழ்ந்த தூக்கத்தில் சாதாரண நினைவகம் அழிந்துவிடும். எழுந்ததும் புரோகிராம் முதல் வரியிலிருந்துதான் ஓடும். முந்தைய அளவுகளை வைத்துக்கொள்ள ஆர்டிசி நினைவகம் என்று 8 கிலோபைட் தனியாக இருக்கிறது, அது மட்டும் தூக்கத்திலும் மறக்காது. புதிதாகச் செய்பவர்கள் இதை மறந்துவிட்டு, எண்ணிக்கை எப்போதும் பூஜ்யமாகவே இருக்கிறது என்று குழம்புவார்கள். எண்ணிக்கை மாறியை அந்த நினைவகத்தில் வைக்கச் சொல்லும் ஒரு சொல் உண்டு, அதைச் சேர்த்தால் தீர்ந்தது.

விவரத் தாளில் 10 மைக்ரோ ஆம்பியர், என் போர்டு தூங்கும்போது 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. ஏன்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. விவரத் தாள் சொல்வது சிப்பைப் பற்றி. நீங்கள் அளப்பது போர்டை. சிப் தூங்கிவிட்டது, கூட இருப்பவர்கள் தூங்கவில்லை.

கடையில் கிடைக்கும், பழகுவதற்கான போர்டுகள் பலவற்றில் வோல்ட்டைச் சீராகக் குறைத்துத் தரும் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் இருக்கும். அது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குச் சாப்பிடும். அடுத்தது யுஎஸ்பி சிப். கம்ப்யூட்டரோடு பேசத்தான் அது, குளக்கரையில் அதற்கு வேலையே இல்லை. பிறகு சிவப்பு விளக்கு. ராப்பகலாக எரியும் அந்த எல்இடி ஒன்றே, தூங்கும் சிப்பைப் போல நூறு மடங்குக்கு மேல் எடுக்கும். சூடான சால்டரிங் முனையை வைத்து அதை எடுத்துவிடுங்கள்.

ரெகுலேட்டரை மாற்றலாம். எம்சிபி1700 போன்றவை தனக்கென்று 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கும். ஆனால் அது தரக்கூடியது 250 மில்லி ஆம்பியர்தான். வைஃபை இழுக்கும் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அதனால் வெளியே ஒரு பெரிய கெபாசிட்டர் வைக்க வேண்டும். ஏஎம்எஸ்1117-ஐ விட இன்னொரு காரணத்துக்காகவும் இது மேல். ஏஎம்எஸ்1117-க்கு உள்ளே வரும் வோல்ட், வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். 3.7 வோல்ட் செல்லிலிருந்து 3.3 எடுக்க அது லாயக்கில்லை.

அப்புறம் சென்சார். போர்டு தூங்கினாலும் சென்சாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் என்ன பயன்? சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு சின்ன மாஸ்ஃபெட் வைத்து, எழுந்ததும் சென்சாரை இயக்கி, அளந்து முடித்ததும் துண்டித்துவிடுங்கள். துண்டிக்கும்போது அதன் சிக்னல் பின்களையும் தாழ்த்திவிட வேண்டும். பின் உயர்ந்த நிலையில் இருந்தால் அந்த வழியாகவே மின்சாரம் சென்சாருக்குள் புகுந்து கசியும். எனக்கு ஒரு வாரம் புரியாமல் கிடந்தது இந்தக் கசிவுதான். கதவைப் பூட்டிவிட்டு சன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பலாம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2600 மில்லி ஆம்பியர் மணி செல் ஒன்று. எழுந்தால் வைஃபையோடு இணைந்து அனுப்ப 20 வினாடி, அந்த நேரத்தில் சராசரியாக 120 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

தூங்கவே இல்லை என்றால் 22 மணி நேரத்தில் செல் காலி. கால் மணிக்கு ஒரு தடவை எழுந்தால் சராசரி 2.7 மில்லி ஆம்பியருக்கு இறங்குகிறது, 40 நாள் வரும். ஆனால் மேலே சொன்ன 10 மில்லி ஆம்பியர் கசிவு கூடச் சேர்ந்தால்? சராசரி 12.7 ஆகிறது. எட்டரை நாள்தான்! எழுந்து வேலை செய்யச் செலவாவதைவிட, தூங்கும்போது கசிவதுதான் செல்லைக் கொல்கிறது. நான் போர்டில் எல்இடியைத் தேடித் தேடி எடுப்பது இதனால்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து அளக்கட்டும், ஆனால் வைஃபையைத் தொட வேண்டாம். அது ஒரு வினாடி வேலை, 40 மில்லி ஆம்பியர். நாலாவது தடவை மட்டும் நாலு அளவுகளையும் சேர்த்து அனுப்பட்டும். சராசரி 0.7 மில்லி ஆம்பியர், காகிதத்தில் 150 நாள். செல் பழசாகும், தானே கொஞ்சம் வடியும், அதனால் பாதியாக எடுத்துக்கொண்டாலும் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் வெயில் இல்லாமலே கடந்துவிடும்.

மறுகாலுக்கு அரை அடி இருக்கும்போது மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து உடனே அனுப்பும்படி வைத்திருக்கிறேன். சித்திரையில் வறண்டு கிடக்கும் குளத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். தண்ணீர் சொல்வதை வைத்துத் தூக்கத்தின் நீளத்தை மாற்ற வேண்டும். எல்லாக் காலத்துக்கும் ஒரே நேரம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தூங்கும்போது எடுக்கும் மின்சாரத்தை எப்படி அளப்பது? மீட்டர் வைத்தால் போர்டு நின்றுவிடுகிறது.

நிற்கும். மீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்தால் அதற்குள் நூறு ஓமுக்கு மேல்கூட மின்தடை இருக்கும். தூங்கும்போது பரவாயில்லை. போர்டு எழுந்து நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும்போது அந்தத் தடையிலேயே வோல்ட் முழுக்க விழுந்துவிடும், போர்டு மறுபடி பூட் ஆகும், திரும்ப விழும்.

மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சின்ன சுவிட்ச் போடுங்கள். போர்டு எழும்போது சுவிட்சை மூடி மின்சாரத்தை அந்த வழியாக விடுங்கள். தூங்கியதும் திறந்துவிடுங்கள், அப்போது மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொண்டு எழும் முன் மூடிவிடுங்கள். தூக்கத்தை இரண்டு நிமிடமாக வைத்தால் பதற்றம் இல்லாமல் அளக்கலாம். யுஎஸ்பியில் செருகும் சின்ன மீட்டர்களை இதற்கு நம்ப வேண்டாம், இவ்வளவு சின்ன அளவு அவற்றுக்குத் தெரியாது.

தூங்கிய உடனே எழுந்துவிடுகிறது. யார் எழுப்புகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லினக்ஸ் என்றால் வழி இருக்கிறது. சிஸ் பவர் அடைவில் பிஎம் வேக்கப் ஐஆர்க்யூ என்ற கோப்பு, கடைசியாக எழுப்பிய இன்டரப்ட் (பிராசசரைக் கூப்பிடும் சிக்னல்) எண்ணைச் சொல்லும். புரோக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் பட்டியலில் அந்த எண் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் யுஎஸ்பி மோடமோ நெட்வொர்க்கோ மாட்டும். ஒவ்வொரு சாதனத்தின் பவர் அடைவிலும் வேக்கப் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் டிசேபிள்டு என்று எழுதினால் அந்தச் சாதனத்துக்கு எழுப்பும் உரிமை போய்விடும். யாருக்கு உரிமை வேண்டுமோ அவர்களைத் தவிர எல்லோருடையதையும் பறித்துவிடுங்கள்.

இஎஸ்பி-32-இல் எழுந்ததும் முதல் வேலையாக எழுந்த காரணத்தைக் கேட்டு, ஆர்டிசி நினைவகத்தில் குறித்து வையுங்கள். டைமரா, பின்னா என்று தெரிந்துவிடும். பின் என்றால் அந்தக் கம்பி உயர்ந்த நிலையிலும் தாழ்ந்த நிலையிலும் நிற்காமல் மிதக்கிறதா என்று பாருங்கள். 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே இழுப்புத் தடை (கம்பியை ஒரு நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. வெளியே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தே ஆக வேண்டும்.

எங்கள் பெட்டியில் மிதவை சுவிட்சுக்குப் பன்னிரண்டு அடிக் கம்பி போகிறது. கோடை இடி இடிக்கும் சாயங்காலங்களில் போர்டு சும்மா சும்மா எழுந்தது. நீளக் கம்பி ஆன்டெனா மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. பின் பக்கத்தில் ஒரு 0.1 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டரும், கம்பிக்கு வரிசையில் ஒரு ரெசிஸ்டரும் வைத்த பிறகு அடங்கியது. அதற்கு அடுத்த மாதமும் இதே தொல்லை, இந்தத் தடவை இடி இல்லை. திறந்து பார்த்தால் சுவிட்ச் முனைகளுக்கு நடுவே எறும்புக் கூட்டம், ஈரத்தோடு. முனைகளில் கிரீஸ் பூசி, கம்பி நுழையும் ஓட்டையை சிலிகானால் அடைத்தேன்.

ஒரு தடவை எழுந்தது, அப்புறம் எழவே இல்லை.

நேரம் காட்ட டிஎஸ்3231 சிப் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் அலாரக் கொடியைப் பாருங்கள். அலாரம் அடித்ததும் அந்தச் சிப் தன் இன்டரப்ட் பின்னைத் தாழ்த்தும். நீங்கள் கொடியை அழிக்கும் வரை தாழ்ந்தே இருக்கும். போர்டு இறக்கத்தைப் பார்த்து எழுவதாக இருந்தால், பின் ஏற்கெனவே தாழ்ந்து கிடப்பதால் அடுத்த அலாரத்தில் இறக்கமே இருக்காது, தூக்கம் நிரந்தரமாகிவிடும். தாழ்ந்த நிலையைப் பார்த்து எழுவதாக இருந்தால் தூங்கிய மறுகணமே எழுந்துகொண்டே இருக்கும். ஒரே தவறு, இரண்டு விதமாகத் தெரியும். எழுந்ததும் கொடியை அழி, அடுத்த அலாரம் வை, அலாரம் இறங்கியதா என்று திரும்பப் படித்துப் பார், பிறகு தூங்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

லினக்ஸில் ஆர்டிசி அடைவில் உள்ள வேக்அலாரம் கோப்பில் ஏற்கெனவே ஒரு நேரம் இருந்தால் புது நேரத்தை ஏற்காது. முதலில் 0 எழுதி அழித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். இன்னொன்று ஐந்தரை மணிக் கணக்கு. ஆர்டிசி பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. காலை 6 மணிக்கு எழ வேண்டிய பெட்டி பதினொன்றரைக்கு எழுந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான். ஆர்டிசிவேக் கட்டளையில் இத்தனை வினாடி கழித்து என்று கொடுத்தால் இந்தக் குழப்பமே வராது.

தூங்கப் போகும்போதே தொங்கிவிடுகிறது என்றால், பிஎம்டெஸ்ட் என்ற கோப்பு உதவும். அதில் முதலில் ஃப்ரீசர், பிறகு டிவைசஸ், பிளாட்ஃபார்ம் என்று ஒவ்வொரு படியாக எழுதிச் சோதித்தால், அந்தப் படி வரை மட்டும் தூங்கப் போய் 5 வினாடியில் திரும்பிவிடும். எந்தப் படியில் திரும்பவில்லையோ அங்கேதான் கோளாறு. லினக்ஸின் மையமான கெர்னலை உருவாக்கும்போது இந்தச் சோதனை வசதியைச் சேர்த்திருக்க வேண்டும். கன்சோலைத் தூங்க விடாத பூட் தேர்வையும் போட்டால் கடைசி வரிகள் திரையில் தெரியும்.

தனி ஆர்டிசி சிப் எதற்கு? இஎஸ்பி-32-க்குள்ளேயே டைமர் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது ஓடுவது 150 கிலோஹெர்ட்ஸ் உள் ஆசிலேட்டரில், வெப்பத்துக்கு ஏற்ப மாறும். ஒரு சதவீதம் தவறினாலே நாளுக்கு 14 நிமிடம். பங்குனி வெயிலில் கொதிக்கும் பெட்டி விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும், இந்த ஏற்ற இறக்கத்தில் நேரம் நிலைக்காது. டிஎஸ்3231 வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்வதால் 0 முதல் 40 டிகிரி வரை வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் தவறும்.

அந்த நீல நிற மாட்யூல் வாங்கினால் ஒன்றைச் செய்யுங்கள். அதில் பட்டன் செல்லை சார்ஜ் செய்யும் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032 செல்லைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பிவிடும். அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பணகுடியில் காற்று வேகம் அளக்கிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் போர்டு எழுந்தால் தூங்கவே முடியாதே?

முடியாதுதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு, காற்றில் சுற்றும் உங்கள் அளவிக் கிண்ணம் நிற்கவே நிற்காது. துடிப்புக்கு ஒரு தடவை எழுப்பாதீர்கள். இஎஸ்பி-32-க்குள் யுஎல்பி என்று ஒரு சின்ன பிராசசர் இருக்கிறது. பெரியது ஆழ்ந்து தூங்கும்போதும் அது பின்னைப் பார்த்துத் துடிப்புகளை எண்ணி ஆர்டிசி நினைவகத்தில் வைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெரியது எழுந்து எண்ணிக்கையை வாங்கிக்கொண்டால் போதும். போர்டில் துடிப்பு எண்ணுவதற்கென்றே வேறொரு பகுதியும் உண்டு, ஆனால் அது ஆழ்ந்த தூக்கத்தில் ஓடாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

லினக்ஸ் போர்டு எழுந்த பிறகு யுஎஸ்பி மோடம் காணாமல் போகிறது.

தூங்கும் முன் மோடத்தை முறையாகத் துண்டித்து, எழுந்த பிறகு திரும்ப இணைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நடத்தும் புரோகிராம்) ஓடும் போர்டில் சிஸ்டம் ஸ்லீப் அடைவில் அதை வைத்தால், தூங்கும் முன் பிரீ என்றும் எழுந்த பின் போஸ்ட் என்றும் சொல்லி அதை அழைக்கும்.

வைஃபை இணையவில்லை என்றால் போர்டு என்ன செய்ய வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டிப் போனது. அந்த ராத்திரி எங்கள் ஊரில் முதலில் கரண்ட் போனது, அதோடு கரையடி வீட்டு வைஃபையும் போனது.

பெட்டி அப்போது என் பழைய புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப முயல் என்று எழுதியிருந்தேன். எழுந்த போர்டு தூங்கவே இல்லை. கிடைக்காத வைஃபையைத் தேடி ஒரு நாளுக்குள் செல்லைக் காலி செய்துவிட்டது. எந்த மழைக்காக அதை வைத்தேனோ அந்த மழையில் அது ஊமையாகிவிட்டது. கீழ்ப் பக்கத்து வயல்களுக்கு ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு ஆட்கள்தான் போய்ச் சொன்னார்கள். அந்தத் தவறு என்னுடையது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது எழுதியிருப்பது இப்படி. இணைய 10 வினாடி மட்டும் அவகாசம். கிடைக்கவில்லையா, அளவை ஆர்டிசி நினைவகத்தில் வைத்துவிட்டுத் தூங்கு. ஒரு அளவுக்கு 4 பைட் என்றால் கால் மணி அளவுகள் பத்து நாளுக்கு 960, மொத்தம் 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அடுத்தடுத்துத் தோற்றால் இடைவெளியை நீட்டு, அரை மணி, ஒரு மணி என்று. செல் 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரேடியோவைத் தொடாமல் அளவை மட்டும் சேர்த்து வை. தூங்காமல் விழித்திருக்கக்கூடிய மொத்த நேரத்துக்கும் ஒரு உச்ச வரம்பு வை, புரோகிராம் எங்கே சிக்கினாலும் 40 வினாடியில் தூக்கம் வந்தே ஆக வேண்டும்.

வைஃபையை மட்டும் நம்பாமல், குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்கு அனுப்பும் லோரா ரேடியோவும் சேர்த்திருக்கிறேன். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். மறுமுனை ஊருக்குள் ஒரு மாடியில் பேட்டரியில் ஓடுகிறது.

வாட்ச்டாக் தேவையா?

புரோகிராம் சிக்கிக்கொண்டால் போர்டை ரீசெட் செய்யும் காவல் டைமர்தான் வாட்ச்டாக். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைக்கும் எதற்கும் தேவை. ஆனால் போர்டுக்குள் இருக்கும் வாட்ச்டாக் தூக்கத்தில் நின்றுவிடலாம், அல்லது தூங்கும் போர்டைச் சிக்கிவிட்டதாக நினைத்து ரீசெட் செய்யலாம். இரண்டையும் சோதித்துப் பாருங்கள். வெளியே தனி டைமர் வைப்பது எனக்குப் பிடித்த வழி. டிபிஎல்5110 என்ற சிப் 35 நானோ ஆம்பியர்தான் எடுக்கும், இரண்டு மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம், நேரம் வந்ததும் போர்டுக்கு மின்சாரத்தையே புதிதாகக் கொடுக்கும். அதோடு ஆர்டிசி நினைவகமும் அழியும் என்பதால் சேர்த்து வைக்கும் அளவுகளுக்குத் தனி நினைவகச் சிப் வேண்டும்.

கரைக்குக் கொண்டுபோகும் முன் எவ்வளவு நாள் சோதிக்க வேண்டும்?

நாள் கணக்கைவிடத் தடவைக் கணக்கைப் பாருங்கள். தூக்கத்தை 10 வினாடியாகக் குறைத்து வீட்டிலேயே ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டால் ஆயிரம் தடவைக்கு மேல் தூங்கி எழும். ஆயிரத்தில் ஒரு தடவை வரும் கோளாறு அப்போதுதான் தெரியும். நடுவில் வைஃபையை அணைத்துப் பாருங்கள். எழும் அந்தக் கணத்திலேயே மிதவை சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். செல்லை வேண்டுமென்றே காலியாக்கி, வெயிலில் வைத்தால் தானாக உயிர் வருகிறதா என்றும் பாருங்கள்.

செய்தி வரவில்லை என்றால் குளம் நிறையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. தூங்கும் பெட்டியும் செத்த பெட்டியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் எங்கள் பெட்டி தினமும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டம், செல் வோல்ட், கடைசியாக எழுந்த காரணம் மூன்றையும் எப்படியும் அனுப்பும். அந்தச் செய்தி ஒரு வேளை வராவிட்டால் மடை பார்க்கிறவருக்கு போன் போகும், அவர் கரைக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வருவார்.